2 எக்ஸிபிஷன் ஆட்டத்தை வைத்து ஒரு புது ஆட்டக்காரரை எடை போட முடியுமா?

சிப்புட்_கோர்ட்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். பகலில் வேலை, மாலையில் 11 பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாரும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து சைக்கிளில் வருகிறார்கள். சீனப்பள்ளி கோர்ட்டை வாரத்தில் 3 நாள் எங்களுக்குத் திறந்து விடுகிறார்கள்.

போன ஞாயிறு காலை 7 மணிக்கு மச்சான் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து ஓர் அமெரிக்கக் கல்லூரி அணியின் எக்ஸிபிஷன் ஆட்டம், அதாவது சீசன் கணக்கில் சேராத முன்னோட்ட ஆட்டம், பார்த்தோம் (அங்கே சனிக்கிழமை இரவு 7 மணி). அதற்கு முந்தைய வாரம் நடந்ததையும் பார்த்திருந்தோம். இரண்டிலும் எதிரணி டிவிஷன் 2 கல்லூரி, ஒரு படி கீழான பிரிவு. அணியின் பெயரைச் சொல்லவில்லை, கேள்வி எந்த அணிக்கும் பொருந்தும் என்பதால்.

விஷயம் இதுதான். அந்த அணியில் 2 முதலாம் ஆண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் 23 புள்ளி, மூன்று புள்ளி எறிதலில் 5க்கு 4. இன்னொருவர் மொத்தமே 4 புள்ளி, மூன்று புள்ளியில் 5க்கு 1. ஆட்டம் முடிவதற்குள் பையன்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள், முதலாமவர் நேராக என்பிஏ, இரண்டாமவர் சரிப்பட மாட்டார் என்று. நானும் முதலில் தலையாட்டினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தால் மனசு கேட்கவில்லை.

ஏன் என்றால், அடுத்த மாதம் எங்களுக்கு 2 நட்புமுறை ஆட்டம் இருக்கிறது, அதை வைத்துத்தான் முதல் ஐவரை எடுக்கப் போகிறேன். டிவியில் பார்க்கும் கண்ணும் இங்கே பார்க்கும் கண்ணும் ஒன்றுதானே. புள்ளியைப் பார்த்து ஒரு பையனைத் தூக்கி வைத்து இன்னொருவனை ஒதுக்கினால் அவன் அடுத்த வாரம் வரவே மாட்டான். இந்த வயசுப் பிள்ளைகள் அப்படித்தான்.

அதனால் கேட்கிறேன், சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? எதை நம்பலாம், எதை விட்டுவிட வேண்டும்?

---

பழைய_சென்டர்:

தம்பி, நல்ல கேள்வி. நான் கோலகங்சார். 30 வருஷத்துக்கு மேல் இந்த ஆட்டத்தோடு இருக்கிறேன், அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை இணையம் வந்த நாளிலிருந்து விடாமல் பார்க்கிறேன்.

முதலில் ஆட்ட முடிவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 2023 அக்டோபர் 28, பர்டியூ பல்கலைக்கழக அணி ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு எக்ஸிபிஷன் ஆட்டம் ஆடியது. ஓவர்டைமில் 81-77 ஆர்கன்ஸா வென்றது. அதே வருஷம் மார்ச் மாதத் தேசியப் போட்டியில்தான் பர்டியூ 16ஆம் நிலை, அதாவது ஆகக் கடைசி நிலை அணியான ஃபேர்லி டிக்கின்ஸனிடம் தோற்று வெளியேறியிருந்தது, அதனால் இந்த அணி எப்போதும் இப்படித்தான் என்று பேசுவதற்கு எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. அந்த சீசன் எப்படி முடிந்தது? பர்டியூ 34 வெற்றி 5 தோல்வி, தேசிய இறுதி ஆட்டம் வரை போய் யூகானிடம் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) தோற்றது. பர்டியூவின் ஸாக் ஈடி இரண்டாவது முறையாக ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். ஆர்கன்ஸா? 16 வெற்றி, 17 தோல்வி.

இன்னும் பழையது ஒன்று. 2009 நவம்பரில் சிராக்யூஸ் தன் ஊரிலேயே இருக்கும் லெ மொய்ன் என்ற சின்னக் கல்லூரியிடம் 82-79 என்று தோற்றது. அப்போது லெ மொய்ன் டிவிஷன் 2. சிராக்யூஸ் அந்த சீசனில் 30 வெற்றி எடுத்து, மார்ச் போட்டிக்கு முதல்நிலை அணியாகப் போனது.

சரி, ஏன் இப்படி நடக்கிறது? அந்த ஆட்டம் சீசன் கணக்கில் சேராது என்பது பயிற்றுநருக்குத் தெரியும். சீசன் தொடங்குவதற்கு 42 நாளுக்கு முன்னால்தான் முழுப் பயிற்சி ஆரம்பிக்கலாம், அதற்குள் 30 பயிற்சி நாள்தான் அனுமதி. எக்ஸிபிஷன் வரும்போது இதில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும், அவ்வளவுதான். அதிலும் இப்போது வருஷா வருஷம் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறுகிறார்கள், 2024லிருந்து எத்தனை முறை மாறினாலும் படிப்பு சரியாக இருந்தால் உடனே ஆடலாம். ஆக கோர்ட்டில் நிற்கும் ஐவரில் 3 பேர் போன வருஷம் வேறு வேறு ஊரில் இருந்திருப்பார்கள். பயிற்றுநர் அன்றைக்கு வெல்லவா பார்ப்பார்? யாரோடு யார் ஒத்துப் போகிறார்கள் என்று கலைத்துப் போட்டுப் பார்ப்பார். வேண்டுமென்றே இரண்டு உயரமான ஆட்களைச் சேர்த்து இறக்குவார். லேசாகக் கால் வலிக்கிறது என்று சொன்ன ஆளை உட்கார வைப்பார். நல்ல செட் ப்ளே (முன்பே வகுத்த ஆட்டத் திட்டம்) எதையும் காட்ட மாட்டார், எதிரிகள் எல்லாரும் வீடியோ எடுப்பார்கள்.

அதனால் நான் பார்ப்பது, அந்தப் பையன் யாரோடு இறங்குகிறான், எந்த நேரத்தில் இறங்குகிறான் என்பதைத்தான். 23 புள்ளி எடுத்தவர் எப்போது எடுத்தார்? 30 புள்ளி முன்னிலையில், எதிரணியின் பெஞ்ச் ஆட்கள் நிற்கும்போதா? 4 புள்ளிக்காரர் முதல் ஐவரோடு எத்தனை நிமிடம் நின்றார்? பயிற்றுநர் ஒரு புது மாணவனை மூத்த ஆட்களோடு தொடர்ந்து 8 நிமிடம் விட்டு வைத்தால், அந்த 8 நிமிடத்தில் அவன் ஒரு பந்தும் எறியாவிட்டாலும் அதில் சேதி இருக்கிறது. பயிற்றுநர் அவனைத் தினமும் பார்க்கிறார், நாம் இரண்டு தடவைதான் பார்த்தோம்.

அப்புறம் காலைப் பார். பந்து இல்லாத பக்கத்தில் டிஃபென்ஸ் நிற்கும்போது அவன் கண் எங்கே இருக்கிறது, ஸ்க்ரீன் வந்தால், அதாவது எதிரணி ஆள் வழியை மறித்து நின்றால், அதைச் சுற்றி எப்படிப் போகிறான், ஷாட் தவறியதும் திரும்பி ஓடுகிறானா அல்லது நின்று வருத்தப்படுகிறானா. எதிரணி எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் இந்தப் பழக்கங்கள் மாறாது. டிவிஷன் 2 அணிக்கு எதிராகத் திரும்பி ஓடாதவன் பெரிய அணிக்கு எதிராக ஓடுவானா?

என் கதை ஒன்று சொல்கிறேன், உன் பையன்களுக்காக. 90களில் ஒரு தேர்வுக்குப் போனேன். ஒரே ஒரு நட்புமுறை ஆட்டம். என் வேலை எதிரணியின் பெரிய ஆளைக் கூடைக்குக் கீழே விடாமல் தடுப்பது. அவனுக்கு அன்றைக்கு 6 புள்ளிதான். எனக்கு 2. பட்டியலில் அவன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அப்பா அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னைப் பேருந்தில் கூட்டிப் போயிருந்தார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசவில்லை. இன்றைக்கும் ஸ்கோர்ஷீட்டை மட்டும் பார்த்து ஒருவனை எடை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். நீ அந்த ஆளாக இருக்க விரும்பாமல் இங்கே வந்து கேட்கிறாயே, அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன்.

---

கணக்கு_டீச்சர்:

அண்ணன் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது.

நான் சுங்கை பட்டாணியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன், அந்த 5க்கு 4, 5க்கு 1 என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஓர் ஆட்டக்காரர் மூன்று புள்ளியில் 100க்கு 35 போடக்கூடியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரி அளவில் அது நல்ல எண்தான். ஒவ்வோர் எறிதலும் தனித்தனி என்று எடுத்தால், அவர் 5 எறிந்து 1 அல்லது அதற்கும் குறைவாகப் போடுவதற்கான வாய்ப்பு 100க்கு 43. கிட்டத்தட்ட பாதி ஆட்டங்களில் அந்த நல்ல ஆட்டக்காரரே உங்கள் பையன்கள் கண்ணுக்குச் சரிப்படாதவராகத்தான் தெரிவார். அதே ஆள் 5க்கு 4 அல்லது 5 போடும் வாய்ப்பு 100க்கு 5 சொச்சம். ஒரே ஆள், ஒரே திறமை, ஆனால் இரண்டு முகம். நீங்கள் சொன்ன இரண்டு மாணவர்களும் ஒரே அளவு திறமை உள்ளவர்களாகவே இருக்கலாம், அந்த ஒரு நாளை வைத்துப் பிரித்துச் சொல்லவே முடியாது.

இதில் இன்னொரு வலையும் உண்டு. 100க்கு 5 என்றால் அபூர்வம்தானே என்று தோன்றும். ஆனால் ஓர் அணியில் பல பேர் எறிகிறார்கள், நூற்றுக்கணக்கான அணிகள் எக்ஸிபிஷன் ஆடுகின்றன. யாரோ ஒருவருக்கு எங்காவது ஒரு நாள் 5க்கு 4 விழுந்தே தீரும், நாம் அவரைப் பற்றித்தான் பேசுவோம். மற்றவர்களை யாரும் புலனத்தில் அனுப்புவதில்லை.

அப்புறம் கோட்டின் தூரம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம், அதாவது 6.02 மீட்டர். கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2019-20 சீசனிலிருந்து 6.75 மீட்டர். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை 73 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி நின்று எறியப் பழக வேண்டும். முதல் 2 ஆட்டத்தில் பந்து கூடைக்கு முன்னால் விழுகிறது என்றால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பந்து இடது வலது விலகிப் போகிறதா, நேராகப் போய்க் குறைந்து விழுகிறதா என்று பாருங்கள். நேராகப் போகிறது என்றால் நான் கவலைப்பட மாட்டேன், கால் பலம் கூடினால் சரியாகிவிடும்.

ஃப்ரீ த்ரோவையும் கவனியுங்கள். அந்தக் கோடு பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரே தூரம், எதிரே தடுக்க யாரும் இல்லை. ஓர் ஆட்டத்தை வைத்து அதிலும் முடிவு கட்ட முடியாது, ஆனால் அங்கே கை எப்படிப் போகிறது என்று பார்த்தால் அந்தப் பிள்ளையின் எறிதல் சுத்தமா இல்லையா என்று தெரியும்.

ஒரு சந்தேகம், உங்கள் சீனப்பள்ளி கோர்ட்டில் கோடு எந்த அளவு? 2010க்கு முன்பு ஃபீபா (உலகக் கூடைப்பந்துச் சங்கம்) கோடு 6.25 மீட்டர்தான். பழைய பெயிண்டாக இருந்தால் உங்கள் பையன்களும் அரை மீட்டர் கிட்டே நின்று பழகிக்கொண்டிருப்பார்கள்.

---

கூலிம்காரன்:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்த்துச் சொல்ல வேண்டும்.

எக்ஸிபிஷன் ஆட்டம் ஒன்றையும் காட்டாது என்பது சரியில்லை. லூயிவில் பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். 2022 அக்டோபர் கடைசியில் லெனோர்-ரைன் என்ற டிவிஷன் 2 கல்லூரியிடம் 57-47 தோற்றது. சொந்த மைதானத்தில் 47 புள்ளி! அப்போதும் நிறையப் பேர் இது வெறும் பயிற்சி ஆட்டம், கண்டுகொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். சீசன் முடிவில் 4 வெற்றி, 28 தோல்வி. அடுத்த வருஷமும் அதே மாதிரி, கென்டக்கி வெஸ்லியனிடம் 71-68 தோல்வி, சீசனில் 8 வெற்றி 24 தோல்வி. பார்க்கத் தெரிந்தவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

அண்ணன் சொன்ன பர்டியூ கதையையும் யோசித்துப் பாருங்கள். அவர்கள் தோற்றது ஆர்கன்ஸாவிடம், நிறைந்த அரங்கில், ஓவர்டைமில், 4 புள்ளியில். பெரிய கல்லூரி, அந்த சீசன் சரியில்லாமல் போனாலும் ஆள் பலம் உள்ள அணி. லூயிவில் தோற்றது டிவிஷன் 2 அணியிடம், வீட்டில், 10 புள்ளியில். இரண்டையும் தோல்வி என்று ஒரே பையில் போடக் கூடாது. சிராக்யூஸும் டிவிஷன் 2 அணியிடம்தான் தோற்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் 79 புள்ளி எடுத்தார்கள். தாக்குதல் ஓடியது. 47 எடுத்த அணிக்குத் தாக்குதலே இல்லை. 40 நிமிட ஆட்டத்தில் 30 விநாடிக்குள் ஒரு நல்ல ஷாட்டை உருவாக்கத் தெரியவில்லை என்றால் அது தடுப்பு ஆட்டம் சரியில்லாத ஒரு இரவைவிட ஆழமான நோய்.

தனி ஆட்டக்காரருக்கும் இதே கணக்குதான். ஓர் ஆள் சின்ன அணிக்கு எதிராக நன்றாக ஆடினால் அதிலிருந்து கொஞ்சம்தான் தெரியும். ஆனால் சின்ன அணிக்கு எதிராகவே பந்தைக் கொண்டுபோக முடியாமல் தடுமாறினால், தன்னைவிட மெதுவான ஆளைத் தாண்ட முடியாவிட்டால், அதிலிருந்து நிறையத் தெரியும். நல்ல சேதியைப் பாதி நம்புங்கள், கெட்ட சேதியை முக்கால்வாசி நம்புங்கள். எறிதல் தவறியதைச் சொல்லவில்லை, டீச்சர் சொன்ன கணக்கு சரி. உடம்பு சம்பந்தப்பட்டதைச் சொல்கிறேன். வேகம், உயரத்துக்குக் குதிப்பது, பந்தைக் கையில் பிடித்து வைப்பது.

---

பழைய_சென்டர்:

கூலிம் தம்பி, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், 47 புள்ளி விஷயம் சரியான பிடி. ஒன்றே ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பதற்றம் என்று ஒன்று உண்டு. பந்தைக் கையிலிருந்து விடுவதைத் திறமைக் குறைவு என்று எழுதும் முன் எந்த மாதிரி டர்ன்ஓவர் என்று பாருங்கள். யாரும் தொடாமலே தன் காலில் தட்டி விடுகிறானா, அல்லது சரியான இடத்தைக் கண்டுபிடித்து அரை விநாடி தாமதமாகப் பாஸ் போட்டு அது பிடுங்கப்பட்டதா? இரண்டாவது வகை எனக்குப் பிடித்த தவறு. கண் பார்த்துவிட்டது, கை இன்னும் பழகவில்லை. டிசம்பருக்குள் அது அசிஸ்ட்டாக, கூடைக்கு வழி செய்யும் பாஸாக மாறும்.

---

தஞ்சோங்மாலிம்_கார்ட்:

நான் பல்கலைக்கழக மகளிர் அணியில் ஆடுகிறேன், ஆடுகிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா.

சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் பயிற்றுநர் எங்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஏதாவது சொல்லி அனுப்புவார். எனக்கு ஒரு முறை, இன்றைக்கு நீ எறியவே வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஸ்க்ரீனுக்குப் பிறகு எந்தப் பக்கம் ஆள் காலியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பாஸ் போடு என்றார். அன்றைக்கு எனக்கு 0 புள்ளி. பார்த்துக்கொண்டிருந்த அத்தை, என்னம்மா ஆகிவிட்டது உனக்கு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பயிற்றுநர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அதனால் அந்த 4 புள்ளி மாணவரைப் பார்க்கும்போது, கோர்ட்டை விட்டு வெளியே வரும் நேரத்தில் பயிற்றுநர் என்ன செய்கிறார் என்று பாருங்கள் அண்ணா. கேமரா சில சமயம் காட்டும். தவறு செய்த உடனே வெளியே எடுக்கிறாரா, எடுத்து 2 நிமிடம் பேசிவிட்டு அதே ஆளைத் திரும்ப இறக்குகிறாரா. திரும்ப இறக்கினால் அந்தப் பிள்ளை மேல் நம்பிக்கை இருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தையும் பாருங்கள்.

---

சிப்புட்_கோர்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் செலவழித்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

நேற்று இரவு உட்கார்ந்து அந்த ஆட்டத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். இந்த முறை பந்தைப் பார்க்காமல் அந்த 2 பேரை மட்டும், கையில் நோட்டு வைத்துக்கொண்டு. 23 புள்ளிக்காரர் எடுத்ததில் 14 புள்ளி இரண்டாம் பாதியில், முன்னிலை 25ஐத் தாண்டிய பிறகு. அதற்காக அவர் மோசம் என்று சொல்லவில்லை, எறிதல் அழகாக இருக்கிறது, காலும் தயாராக நிற்கிறது. ஆனால் அவர் நிற்கும் பக்கமாக எதிரணி 6 முறை உள்ளே போனது, 4 முறை கூடை. ஸ்க்ரீன் வந்தால் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்.

4 புள்ளிக்காரர் முதல் பாதியில் மூத்த ஆட்களோடு 11 நிமிடம் நின்றார். அந்த 11 நிமிடத்தில்தான் அணி முன்னிலையை 5லிருந்து 18க்குக் கொண்டுபோனது. தவறிய 4 மூன்று புள்ளியில் 3 நேராகப் போய் முன் வளையத்தில் பட்டது, டீச்சர் சொன்ன மாதிரியே. ஒரு முறை பாஸைத் தொலைத்தார், வெளியே எடுத்தார்கள், இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்தார். இதை முதல் முறை பார்த்தபோது நான் கவனிக்கவே இல்லை.

டீச்சர், இன்று மாலை கோர்ட்டை அளந்தோம். நீங்கள் சொன்னது சரி, 6.25தான். பள்ளியில் அனுமதி கேட்டு, வெள்ளை டேப் ஒட்டிப் புதுக் கோடு போட்டிருக்கிறோம். பையன்கள் பாதி எறிதலை வளையத்துக்கே கொண்டுபோக முடியாமல் தவித்தார்கள். அவர்களிலேயே அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தவன், அண்ணே அந்த ஆளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பழைய சென்டர் அண்ணன், ஒரு வேண்டுகோள். எங்கள் முதல் நட்புமுறை ஆட்டம் தீபாவளி முடிந்து இரண்டாவது சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. கோலகங்சாரிலிருந்து அரை மணி நேரம்தான். என்னிடம் ஒரு பையன் இருக்கிறான், உயரம், புள்ளி எடுக்க மாட்டான், ஆனால் அவன் நிற்கும்போது உள்ளே யாரும் வர மாட்டார்கள். நீங்கள் வந்து அவனை ஒரு முறை பார்க்க முடியுமா?

---

பழைய_சென்டர்:

வருகிறேன் தம்பி. கோர்ட் எங்கே என்று தனியாகச் செய்தி அனுப்பு. அவனிடம் யாரோ பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே.